கார்லைல் பிள்ளைகளின் பந்தாட்டம்

புத்தளம் முதல் சிலாபம் ஈறாகவுள்ள நமது மேற்குக் கரையோரத்தில், மாலை வேளைகளில் உதைபந்து உருளாத ஊர் அரிது. கற்பிட்டியின் மணற்பரப்பிலும், உடப்பில் கரைவலை இழுத்து ஓய்ந்த கரையிலும், இரண்டு தடிகளை நட்டுவிட்டால் இளைஞருக்கு ஆடுகளம் ஆயத்தமாகிவிடுகிறது. இவ்விளைஞர் பலருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. காலால் உதைத்து ஆடும் ஆட்டத்தை உலகமெல்லாம் 'புட்போல்' என்று அழைக்க, அமெரிக்கர் மட்டும் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஓர் ஆட்டத்துக்கு அப்பெயரை இட்டது ஏன்? அந்த ஐயத்தைத் தீர்ப்பதோடு, அவ்வாட்டத்தின் வரலாற்றிலே மறக்கவொண்ணாத ஒரு பருவத்தையும், அதனை ஆடிய பிள்ளைகளின் கதையையும் இன்று சொல்ல விரும்புகின்றேன்.

இங்கிலாந்திலே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், புட்போல் என்னும் பெயர் பலவகை ஆட்டங்களுக்குப் பொதுவாக வழங்கிற்று. றக்பி என்னும் ஊரின் பாடசாலையில் ஆடிய வகையில் பந்தைக் கையில் எடுத்து ஓடலாம். அதுவே பின்னர் றகர் எனப் பெயர் பெற்றது. அந்த றகர் ஆட்டம் இலங்கைக்கும் வந்தது. 1879இல் கொழும்பிலே அதற்கெனக் கழகம் நிறுவப்பட்டது. 1906இல் கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதியதே இந்நாட்டில் பாடசாலைகளுக்கிடையே நடந்த முதலாவது றகர் ஆட்டம். அதே விதையிலிருந்து அமெரிக்காவிலே வேறொரு மரம் வளர்ந்தது. 1874இல் கனடாவின் மக்கில் கல்லூரி மாணவரிடமிருந்து ஹாவர்ட் மாணவர் றக்பி முறையைக் கற்றுக்கொண்டனர். 1880ஆம் ஆண்டை அடுத்து, யேல் கல்லூரியைச் சேர்ந்த வால்ட்டர் காம்ப் என்பவர் அதன் விதிகளை ஒவ்வொன்றாக மாற்றினார். ஆட்டம் மாறியபோதும் பழைய பெயர் மாறவில்லை.

இனி, அவ்வாட்டத்தின் இயல்பை நம் ஊர்க் கிளித்தட்டைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். கிளித்தட்டிலே நிலத்தில் கோடுகள் கீறப்படும். ஒரு பக்கத்தார் கோடுகளைக் காவல் செய்வர். மறுபக்கத்தார் அவர் கைபடாமல் கோட்டுக்குக் கோடு கடந்து செல்வர். அமெரிக்கப் பந்தாட்டத்திலும் அவ்வாறே நிலத்தைக் கடப்பதுதான் நோக்கம். பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் பக்கத்தார் நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜ தூரம் முன்னேற வேண்டும். முன்னேறாவிடில் பந்து எதிரிக்குப் போய்விடும். பந்தை ஏந்துபவனைத் தழுவி வீழ்த்தினால் அந்த முயற்சி முடிந்தது. உடனே ஆட்டம் நின்று, இரு பக்கத்தாரும் மீண்டும் வரிசையாக எதிரெதிரே நிற்பர். ஆகவே நம் உதைபந்தாட்டத்தைப் போல இடையறாது ஓடும் ஆட்டமன்று அது. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னர் யார் ஓடுவது, யார் தடுப்பது, யார் ஏமாற்றுவது என்று திட்டம் வகுத்து ஆடுவது. கரைவலை இழுப்போர் அம்பாப் பாடலின் அடிக்கு அடி ஒருமித்துக் கால் பெயர்ப்பது போல, அங்கும் ஒருவன் குரல் கொடுக்கப் பதினொருவரும் ஒரே கணத்தில் அசைவர்.

அந்நாளில் இவ்வாட்டம் கொடியதாயிருந்தது. வீரர்கள் ஒருவரோடொருவர் கைகோத்து ஆப்புப் போல் திரண்டு எதிரியின் வரிசையைப் பிளந்து செல்வர். நெஞ்செலும்பும் கழுத்தும் முறிந்தன. 1905ஆம் ஆண்டில் மட்டும் பதினெட்டு அல்லது பத்தொன்பது இளைஞர் மாண்டனர் என்பது அக்காலச் செய்தித்தாள்களின் கணக்கு. ஆட்டத்தை அடியோடு ஒழிக்க வேண்டுமென்று கல்லூரித் தலைவர் பலர் முழங்கினர். ஜனாதிபதி தியடோர் றூஸ்வெல்ட் 1905 ஒக்டோபரில் ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைச் சீர்திருத்துமாறு வேண்டினார். 1906இல் விதிகள் திருந்தின. பந்தை முன்னோக்கி எறிதல் முதன்முறையாக அனுமதிக்கப்பட்டது. 1912இல் மேலும் சில மாற்றங்கள் வந்தன. களத்தின் நீளம் 110 கஜத்திலிருந்து 100 கஜமாயிற்று. மூன்று முயற்சிகள் நான்காயின. எல்லைக் கோட்டைக் கடந்தால் கிடைக்கும் புள்ளிகள் ஐந்திலிருந்து ஆறாயின. உடற்கனத்தின் ஆட்டமாயிருந்தது, விரைவுக்கும் விவேகத்துக்கும் இடந்தரும் ஆட்டமாக மாறத் தொடங்கிற்று. இம்மாற்றத்தினால் யாவரினும் மிகுந்த பயன் பெற்றவர்கள் யார் என்பதே நமது கதை.

பென்சில்வேனியா மாநிலத்திலே கார்லைல் என்றொரு சிற்றூர். அங்கே பழைய பட்டாளக் கொட்டடி ஒன்றில், 1879ஆம் ஆண்டு, றிச்சர்ட் ஹென்றி பிறாட் என்னும் படை அதிகாரி ஒரு பாடசாலையைத் திறந்தார். நம் பழைய பாடப்புத்தகங்கள் செவ்விந்தியர் என்று எழுதிவந்த அமெரிக்கப் பழங்குடி மக்களின் பிள்ளைகளுக்காக அரசாங்கம் நடத்திய பாடசாலை அது. படையினால் வென்ற மக்களைப் பள்ளியினால் மாற்றிவிடலாம் என்பது பிறாட்டின் கொள்கை. பிள்ளையின் உள்ளேயிருக்கும் இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்ற வேண்டுமென்று அவர் மேடையிலேயே சொன்னார். அதை அவர் கருணையென்று எண்ணியே சொன்னார் என்பதும் உண்மை.

பிள்ளைகள் பல நூறு கல் தொலைவிலிருந்து புகைவண்டியில் வந்து இறங்கினர். வந்தவுடன் அவர்களுடைய நீண்ட கூந்தல் கத்தரிக்கப்பட்டது. அவர்களின் குலங்கள் பலவற்றில், இழவு நேர்ந்தபோது கூந்தலைக் குறைப்பதே வழக்கம். ஆதலின் அச்சிறுவர் அழுததன் காரணத்தை நாம் உணரலாம். தாய் தைத்த ஆடைக்குப் பதிலாகப் பட்டாளச் சீருடை வந்தது. கரும்பலகையில் எழுதியிருந்த ஆங்கிலப் பெயர்களுள் ஒன்றைக் கோலினாற் சுட்டிக் காட்டச் சொல்லி, சுட்டிய பெயரையே சூட்டினர். தாய்மொழியிற் பேசினாற் தண்டனை. கோடை விடுமுறையிலும் பலர் வீடு செல்லவில்லை. வெள்ளையர் பண்ணைகளிலும் இல்லங்களிலும் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். 1918இல் மூடப்படும் வரை, 140க்கு மேற்பட்ட குலங்களிலிருந்து ஏறக்குறைய 7,800 பிள்ளைகள் அங்கே பயின்றனர். அவர்களிற் பலர் நோயுற்று அங்கேயே மாண்டு அடக்கஞ் செய்யப்பட்டனர்.

இத்தகைய இடத்திலே பந்தாட்டம் எவ்வாறு தழைத்தது? பிள்ளைகளே அதனை விரும்பிக் கேட்டார்கள். ஒரு மாணவனின் கால் முறிந்ததைக் கண்டு பிறாட் தொடக்கத்தில் வெளியாருடன் ஆடுவதைத் தடுத்திருந்தார். மாணவர்கள் அவரிடஞ் சென்று மன்றாடவே, இரண்டு நிபந்தனைகளின் பேரில் இணங்கினார். எதிரி அடித்தாலும் திருப்பி அடித்தலாகாது என்பது ஒன்று. சில ஆண்டுகளுக்குள் நாட்டிலே தலைசிறந்த குழுவை வெல்ல வேண்டும் என்பது மற்றொன்று. 1899இல் கிளென் வார்னர் என்பவர் பயிற்றுநராக வந்து சேர்ந்தார். 'பொப்' வார்னர் என்று பின்னர் நாடறிந்தவர் அவரே. இடையிற் சில ஆண்டுகள் வேறிடஞ் சென்று, 1907இல் மீண்டும் வந்தார்.

கார்லைல் குழுவுக்குக் குறைகள் பல. எதிரிகளான பெருங்கல்லூரிகளிலே ஆயிரக்கணக்கான மாணவரிலிருந்து ஆட்களைத் தெரிந்தெடுப்பர். கார்லைலில் வீரர் தொகை குறைவு, உடற்கனமும் குறைவு. ஆகவே அவர்கள் தந்திரத்தையும் வேகத்தையும் நம்பினர். 1903இல் ஹாவர்டுக்கு எதிராக அவர்கள் செய்த தந்திரம் பெயர் பெற்றது. எதிரி உதைத்த பந்தைப் பிடித்தவுடன் அனைவரும் ஒன்றாகத் திரண்டு, டிலன் என்னும் வீரனது சட்டையின் முதுகுப் பக்கத்துள்ளே பந்தைச் செருகிவிட்டனர். பிறகு எல்லோரும் பந்தை வைத்திருப்பவர் போலப் பல திசையிலும் சிதறி ஓட, ஹாவர்ட் வீரர் எவனைப் பிடிப்பதென்றறியாது தடுமாறினர். டிலன் இரு கைகளையும் வீசிக்கொண்டு எல்லையைக் கடந்து சென்றான். எனினும் அந்த ஆட்டத்தில் ஹாவர்டே 12க்கு 11 என வென்றது.

1906இன் புதிய விதி கார்லைலுக்கு வரமாக வாய்த்தது. பந்தை முன்னோக்கி எறிவதைப் பெரிய கல்லூரிகள் பெண்மைத்தனமென்றும் அபாயமென்றும் ஒதுக்கிவைத்திருந்த வேளையில், கார்லைல் வீரர் அதைக் கலையாகப் பயின்றனர். 1907இல் பிலடெல்பியா நகரிலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழுவை 26க்கு 6 என்று வென்றனர். பந்து சுழன்று சுழன்று வானிற் பறந்து ஓடுகின்றவன் கையில் வந்து விழுந்தது. மக்கள் அதுவரை கண்டிராத காட்சி அது. இன்றைய அமெரிக்கப் பந்தாட்டத்தின் உயிர்நாடி அந்த எறிதலே.

அக்குழுவின் பெருமை 1912ஆம் ஆண்டுப் பருவத்திலே உச்சத்தை அடைந்தது. அதன் நாயகன் ஜிம் தோர்ப். இன்றைய ஒக்லஹோமா மாநிலப் பகுதியில் சாக்-பொக்ஸ் குலத்திற் பிறந்தவன். அவன் தாய்மொழிப் பெயர் வாதோஹக். ஒளி படர்ந்த பாதை என்று அதற்குப் பொருள் கூறுவர். உடன்பிறந்த இரட்டையனைச் சிறுவயதிலேயே நோய்க்குப் பறிகொடுத்தான். தாயையும் தந்தையையும் இளமையில் இழந்தான். 1911இல் ஹாவர்டைக் கார்லைல் 18க்கு 15 என்று வென்றபோது, அவன் தனியாகவே நான்கு முறை பந்தைக் கம்பத்துக்கு மேலாக உதைத்துப் பன்னிரண்டு புள்ளிகள் ஈட்டினான். 1912 ஜூலையில் சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோம் நகர ஒலிம்பிக் விழாவில், ஐந்து போட்டிகள் கொண்ட பெந்தாத்லனிலும் பத்துப் போட்டிகள் கொண்ட டெக்காத்லனிலும் முதலிடம் பெற்றான். அமெரிக்காவுக்காகப் பொற்பதக்கம் வென்ற இவனது மக்கள் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 1924இலேதான் என்பதை நேயர்கள் மனங்கொள்ள வேண்டும்.

விழா முடிந்து கார்லைலுக்குத் திரும்பிய தோர்ப், செப்டம்பரில் மீண்டும் பந்தாட்டச் சீருடை அணிந்தான். நவம்பர் இறுதிக்குள் அக்குழு பதினான்கு ஆட்டங்கள் ஆடிற்று. பெரும்பாலானவை வெளியூர் ஆட்டங்கள். நுழைவுக் கட்டணத்திற் பங்கு வேண்டுமாயின் பெருநகரங்களுக்குச் செல்லத்தானே வேண்டும்? வாரந்தோறும் புகைவண்டிப் பயணம். வாரந்தோறும் புதிய எதிரி. சிரகியூஸ் பல்கலைக்கழகத்தை 33க்கு 0 என்றும், பிற்ஸ்பர்க்கை 45க்கு 8 என்றும், ஜோர்ஜ்டவுனை 34க்கு 20 என்றும் வென்றனர். வாஷிங்டன்-ஜெபர்சன் கல்லூரியுடன் மட்டும் புள்ளியெதுவுமின்றிச் சமநிலை.

நவம்பர் 9ஆம் நாள் வெஸ்ட் பொயின்ட் படைக்கல்லூரிக்குச் சென்றனர். அமெரிக்கப் படையின் வருங்கால அதிகாரிகள் பயிலும் இடம் அது. தென் டகோட்டாவின் ஊண்டட் நீ என்னுமிடத்தில் அமெரிக்கப் படையினர் லக்கோட்டா மக்களை, பெண்டிர் பிள்ளைகளென்று பாராது சுட்டுக்கொன்று அப்பொழுது இருபத்திரண்டு ஆண்டுகளே கழிந்திருந்தன. ஆட்டத்துக்கு முன்னர் வார்னர், உங்கள் தந்தையரும் பாட்டன்மாரும் போரிட்டது இவர்களுடைய தந்தையரோடும் பாட்டன்மாரோடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதாகக் கூறுவர். அவர் சொல்லியிராவிட்டாலும் அப்பிள்ளைகள் அதை அறியாதவரல்லர்.

முதலில் எல்லையைக் கடந்தவர்கள் படைக்கல்லூரியினரே. எனினும் மேலதிகப் புள்ளிக்கான உதை தவறியதால் ஆறு புள்ளிகளோடு நின்றனர். கார்லைல் அதற்கு விடையாக ஏழு புள்ளிகளை எடுத்தது. அதன்பின் ஆட்டம் கார்லைலின் கையிலேயே இருந்தது. வார்னர் அன்று புதியதொரு அணிவகுப்பைக் கையாண்டார். பின்வரிசை வீரர் இருவரை முன்வரிசையின் இரு முனைகளுக்கும் அருகே, சிறகுகள் போல் நிறுத்தினார். எவன் ஓடுவான், எவன் தடுப்பான், எவன் எறிவான் என்று எதிரி ஊகிக்கவியலாத அமைப்பு அது. கஸ் வெல்ஷ் என்னும் ஓஜிப்வே இளைஞன் குரல் கொடுத்து ஆட்டத்தை நடத்தினான். தோர்ப்பைப் பிடிக்க எதிரிகள் எல்லோரும் அவன் பக்கம் திரள, அலெக்ஸ் அர்க்காசா மூன்று முறை எல்லையைக் கடந்தான். படைக்கல்லூரிக் குழுவின் தலைவன் கைவரிசை காட்டியமைக்காக நடுவரால் வெளியேற்றப்பட்டான். அக்குழுவில் ஆடிய மற்றோர் இளைஞன் தோர்ப்பை வீழ்த்த முயன்று தோற்றான். டுவைட் ஐசனோவர் என்பது அவன் பெயர். நாற்பது ஆண்டுகளின் பின் அமெரிக்க ஜனாதிபதியானவர் அவரே. தாம் கண்ட ஆட்டக்காரருள் தோர்ப்புக்கு நிகரானவர் இலர் என்ற கருத்தை அவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை. ஆட்டம் 27க்கு 6 என்று முடிந்தது.

களைத்த உடலோடு அடுத்த வாரம் பென்சில்வேனியாவிடம் 26க்கு 34 என்று தோற்றனர். அப்பருவத்தின் ஒரே தோல்வி அதுவே. நவம்பர் இறுதியிலே, நன்றியறிதல் நாளன்று, பிறவுண் பல்கலைக்கழகத்தை 32க்கு 0 என்று வென்று பருவத்தை முடித்தனர். பன்னிரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமநிலை. தோர்ப் மட்டும் அப்பருவத்திற் குறைந்தது இருபத்தைந்து தடவை எல்லையைக் கடந்திருந்தான்.

நேயர்களே, இந்த இடத்தோடு கதையை நிறுத்தினால் கேட்பதற்கு இனிமையாயிருக்கும். ஆனால் நடந்தது வேறு. 1913 ஜனவரியில், தோர்ப் முன்னர் 1909, 1910 ஆம் ஆண்டுகளின் கோடை காலத்திலே வட கரோலினாவிற் சிறு கூலி பெற்று பேஸ்போல் ஆடினான் என்று பத்திரிகைச் செய்தி வந்தது. கூலிக்கு ஆடியவன் ஒலிம்பிக்கில் ஆடலாகாது என்பது அக்கால விதி. வேறு கல்லூரி மாணவர் பலர் பொய்ப் பெயரில் அவ்வாறு ஆடினர். தோர்ப் தன் சொந்தப் பெயரிலேயே ஆடியிருந்தான். எதிர்ப்பு எழுப்புவதாயின் விழா முடிந்து முப்பது நாட்களுக்குள் எழுப்ப வேண்டுமென்ற விதியும் இருந்தது. அந்த விதியை ஒருவரும் பார்க்கவில்லை. பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 1953இல் அவன் காலமானான். அவனுடைய வெற்றியை 1982இல் ஒலிம்பிக் குழு மீண்டும் ஏற்றது. ஏற்றபோதும் பிறரோடு பங்காகவே ஏற்றது. அப்போட்டிகளில் தனி வெற்றியாளன் அவனே என்று முழுமையாக அறிவித்தது 2022இல். நூற்றுப்பத்து ஆண்டுகள் சென்றன, ஒரு பிழையைத் திருத்த.

பாடசாலையின் முடிவும் அண்மியது. களத்திலே குரல் கொடுத்து ஆட்டத்தை நடத்திய அதே கஸ் வெல்ஷ், பாடசாலை நிருவாகத்தின் குறைகளை எடுத்துக்காட்டி விசாரணை வேண்டும் விண்ணப்பத்திலே மாணவரை ஒப்பமிடச் செய்தான். 1914இல் காங்கிரஸ் சபையின் குழுவொன்று கார்லைலுக்கு வந்து மாணவரையும் ஆசிரியரையும் விசாரித்தது. பந்தாட்ட வருவாய் கையாளப்பட்ட விதமும், மாணவர் நடத்தப்பட்ட விதமும் அங்கே கேள்விக்குள்ளாயின. வெளியிலே மக்கள் கைதட்டி மகிழ்ந்த அக்காலத்தில் உள்ளே பிள்ளைகள் பட்டது என்ன என்பது அவர்கள் வாய்மொழியாகவே பதிவாயிற்று. வார்னர் அவ்வாண்டோடு விலகினார். பாடசாலை 1918இல் மூடப்பட்டது. அங்குள்ள இடுகாட்டிலே 180க்கு மேற்பட்ட கல்லறைகள் இருந்தன. 2017 முதல் அவற்றுட் பல திறக்கப்பட்டு, பிள்ளைகளின் எச்சங்கள் அவரவர் குலத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டு வருகின்றன. இத்தகைய பாடசாலைகளுக்காக 2024 ஒக்டோபரில் ஜனாதிபதி ஜோ பைடன் மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டு டிசம்பரிற் கார்லைல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. ஜிம் தோர்ப்பின் முன்னோர் பேசிய சாக் மொழியை இன்று சரளமாகப் பேசுவோர் மிகச் சிலரே.

இக்கதையை நம் கரையோரத்தார் கேட்பதனாலே பயன் என்ன? கற்பிட்டியிற் பிறந்து, 'தமிழ் புளூட்டாக்' என்னும் புலவர் வரலாற்றை 1859இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டியை ஈன்ற கரை இது. நீர்கொழும்பிலிருந்து சிலாபத்துக்கு வடக்கே செல்லும் இதே கரையில், பாட்டனும் பாட்டியும் தமிழிலே செபஞ் சொல்லியும் தாலாட்டுப் பாடியும் வாழ்ந்த மீனவர் இல்லங்கள் பலவற்றில், பேரப்பிள்ளைகள் இன்று சிங்களமே பேசுகின்றனர். கார்லைலில் நடந்தது போல இங்கே எவரும் பிள்ளையைக் கொட்டடியில் அடைக்கவில்லை, கூந்தலைக் கத்தரிக்கவில்லை. அந்த வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒன்றெனச் சொல்வது நேர்மையாகாது. சிங்களம் நமது அயலவரின் இனிய மொழி; அதனைக் கற்றவர் இழந்தது ஒன்றுமில்லை, வீட்டு மொழியையும் உடன் வைத்திருந்தால். ஆயினும் இருபதாம் நூற்றாண்டிற் பாடசாலைகளின் போதனாமொழி மாறியதும், இரண்டொரு தலைமுறைக்குள் வீட்டின் மொழியும் மாறியது என்பது கண்கூடு. உடப்பிலோ கோயிலும் பாடசாலையும் தமிழைத் தாங்கி நின்றமையால், திரௌபதையம்மன் விழாவிலும் கரைவலைப் பாட்டிலும் அது இன்றும் ஒலிக்கின்றது. பாடசாலை ஒன்று பிள்ளைக்கு எதைக் கொடுக்கிறது என்று கேட்கும் பெற்றோர், எதை எடுத்துக்கொள்கிறது என்றும் கேட்டல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. கார்லைல் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் பிறர் ஆட்டம். விதிகள் பிறருடையவை, களமும் பிறருடையது. இருந்தும் அவர்கள் அதிலே தம் வேகத்தையும் விவேகத்தையும் புகுத்தி, அதை வகுத்தவர்களே அவர்களிடமிருந்து கற்கும்படி செய்தனர். இன்று அமெரிக்காவில் இலட்சக்கணக்கானோர் கூடிக் காணும் அவ்வாட்டத்திலே, பந்து நெடுந்தூரம் வானிற் பறந்து ஒருவன் கையிற் சேரும்போதெல்லாம், 1907இலும் 1912இலும் ஆடிய அப்பிள்ளைகளின் கைத்திறம் அதிலே கலந்திருக்கிறது.

இன்று மாலை நம் கரையிலே பந்தாடும் பிள்ளைகள் ஆட்டம் முடிந்தபின் வீடு திரும்புவர். தாய் அவர்களைத் தம் பெயர் சொல்லி, தம் மொழியிலே அழைப்பாள். கார்லைல் வீரர் நாடெங்கும் வெற்றி பெற்ற அந்தப் பருவத்திலே, அவர்களுக்கு வாய்க்காதது அது ஒன்றே.